சூலக்கல்லிலிருந்து அளந்தால்...

போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

இந்தப் பத்தியைப் படித்து நெகிழ்ந்துபோய் அல்ல. அந்த பாக்கியம் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், பழைய சாலை பிரிகிற இடத்தில் ஒரு சின்னக் கல்பாலம் இருக்கிறது. அதன் கைப்பிடிச் சுவரருகே குனிந்து, பழைய பல் பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் டீக்கடை. கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டு வேகமாக வந்தார்.

"இன்னாம்மா குறிச்சிக்கினு இருக்கீங்க?"

"ஒண்ணும் குறிக்கலைங்க. இதுல ஒரு பழைய குறி இருக்குதான்னு பாக்கறேன்."

"ரோட்டு ஆபீசா?"

"இல்லீங்க."

"ஆபீஸ் இல்லன்னா ஏன் கார்ல வந்து எறங்கி கல்ல தொடைக்கறீங்க? போன தபா இப்டித்தான் ரெண்டு பேர் வந்து கல்லுல பெயிண்ட் அடிச்சிட்டுப் போனாங்க. அப்புறம் பாதிக் கடை போயிடுச்சி. மிச்சம் இருக்கிறது இந்தப் பாதிதான். பாத்து எழுதுங்கம்மா."

கும்பிட்டது அப்போதுதான்.

காரிலிருந்த என் கணவர் இறங்கி வந்து, "அவங்களுக்கு இது ஒரு பொழுதுபோக்குங்க" என்று விளக்கினார். கடைக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. பொழுதுபோகாதவர்கள் டிவி பார்ப்பார்கள், கல்லையா பார்ப்பார்கள்? இரண்டு டீ வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். எதற்கும் இருக்கட்டும் என்று அவர் எங்கள் கார் நம்பரை செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். நியாயம்தானே?

உங்களுக்கும் விளக்கிவிடுகிறேன்.

நாட்டை அளந்தவர்கள் போகிற வழியெல்லாம் சில இடங்களில் உயரத்தைக் குறித்து வைத்துவிட்டுப் போனார்கள். கல்லில் ஒரு சின்னச் சதுரம், அதைத் தொட்டுக்கொண்டு ஒரு அம்பு, பக்கத்தில் பி.எம். என்று இரண்டு ஆங்கில எழுத்து. பெஞ்ச் மார்க். இந்தப் புள்ளி கடல் மட்டத்திலிருந்து இவ்வளவு உயரம் என்று அர்த்தம். இன்றைக்கு ஐ.டி. கம்பெனியிலிருந்து இட்லிக் கடை வரை எல்லாரும் சொல்கிற 'பெஞ்ச்மார்க்'குக்கு அப்பன் இதுதான்.

இவற்றைத் தேடுவது எனக்குப் பைத்தியம். ஒரு நாள் கார் பஞ்சராகி ஓரமாக உட்கார்ந்திருந்தபோது, உட்கார்ந்த கல்லிலேயே ஒன்று இருந்தது. அன்றைக்குப் பிடித்தது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வழியில் எதைப் பார்த்தாலும் — சர்ச் கோபுரம், பழைய ரயில்வே கட்டடம், ஏரிக்கரை மண்டபம் — "கொஞ்சம் நிறுத்துங்க" என்பேன். அளந்தவர்கள் கண்ட இடத்தில் குறி போடுவதில்லை. சாலையில் போகிறவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எளிதில் அசையாததாக இருக்க வேண்டும். நாளைக்கு இன்னொருவன் வந்து தேடினால் கிடைக்க வேண்டும். அதுதான் கணக்கு.

யோசித்துப் பாருங்கள். கடலோரத்தில் ஆரம்பித்து, ஆளுக்கொரு அளவுகோலை முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு, வயல் வரப்பும் முள்ளும் தாண்டி உயரத்தைச் சுமந்துகொண்டே நடந்திருக்கிறார்கள். வெயில், மழை, காய்ச்சல்... எல்லாம் எதற்கு? பின்னால் வருகிறவன் எங்கிருந்து அளப்பது என்று திண்டாடக் கூடாது என்பதற்காக.

இதனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று என் கணவர் பல தடவை கேட்டிருக்கிறார். நானும் பதில் சொல்ல முடியாமல் பேச்சை மாற்றியிருக்கிறேன். இந்த வருடம்தான் பதில் கிடைத்தது. என் அக்கா வீட்டில்.

அக்கா அமுதா இருப்பது கெடார் பக்கம் ஒரு கிராமத்தில். ஒரு தெரு. தெருவின் இந்தப் பக்கம் அக்கா வீடு. நேர் எதிரே அவள் கொழுந்தனார் ஏழுமலை வீடு. அக்காவின் கணவர் — எங்கள் மாமா — போன வருடம் கோடையில் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இருவரும் வெளியூர். அக்கா தனியாக நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா போனபின் வந்த முதல் மழையிலேயே வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடுக்கூடத்தில் முழங்கால் அளவு. அடுக்கி வைத்திருந்த மல்லாட்டை — அதாவது வேர்க்கடலை — மூட்டை எல்லாம் ஊறி, வடிவதற்குள் முளை விட்டிருந்தது. விதைக்கென்று வைத்திருந்ததும் அதில் போயிற்று. இத்தனை வருடத்தில் அந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே இல்லை.

அக்கா ஒரே பார்வையில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். எதிர்வீடு.

ஏழுமலை தன் மகள் சுகன்யாவின் கல்யாணத்துக்காக வீட்டைப் புதுப்பித்து, வாசலில் லோடு லோடாகக் கிராவல் கொட்டி மேடாக்கியிருந்தார். "அவன் வாசல ஒசத்திக்கினு தண்ணிய என் பக்கம் தள்ளிட்டான். அண்ணன் இருந்தா செய்வானா? இவ ஒண்டிக்கட்டதான, இன்னா பண்ணிடப் போறான்னு தைரியம்" என்று போனில் அழுதாள்.

ஏழுமலை என்ன சொன்னார்? ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் அக்காவுக்கு இன்னும் எரிந்தது. "வாயத் தொறந்து இல்லன்னு சொல்ல வேண்டியதுதான? சொல்ல மாட்டான். ஏன்னா, தப்பு அவன்மேல."

பேச்சு நின்றது. ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு பேசாமலிருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஒருவர் கோலம் போட வந்தால் இன்னொருவர் உள்ளே போக வேண்டும். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க முறை மாற்றிக்கொள்ள வேண்டும். சுகன்யா பாவம் — பெரியம்மா மடியில் வளர்ந்த பெண். வாசலில் நின்று "பெரிம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். அக்கா திரும்பவில்லை.

நடுவில் ஊர்க்காரர்கள் ஒரு கொத்தனாரை அழைத்து வந்து, ட்யூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்துப் பார்த்தார்கள். ஏழுமலை வீட்டுப் படியிலிருந்து பிடித்தார்கள். "அவன் படியிலேர்ந்து புடிச்சா அவனுக்குச் சாதகமாத்தான் வரும்" என்று அக்கா கையால் தட்டிவிட்டாள். சரி, உங்கள் படியிலிருந்து பிடிக்கலாம் என்றால், ஏழுமலையின் மனைவி செல்வி விடவில்லை. "அக்கா வீட்டுப் படியே எறங்கிக் கெடக்குது. அதுலேர்ந்து புடிச்சா நாங்கதான் மேடாத் தெரிவோம்." தெருவிலிருந்து? சிமெண்ட் ரோடு போட்ட கான்ட்ராக்டர் ஏழுமலைக்குப் பழக்கம். அதனால் அதுவும் ஆகாது.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. அப்புறம் யோசித்தேன்... நாம் மட்டும் வேறு எங்கிருந்து அளக்கிறோம்? மாமியார் மருமகளை அளப்பதும், முதலாளி தொழிலாளியை அளப்பதும், அண்ணன் தம்பியை அளப்பதும் அவரவர் வாசற்படியிலிருந்துதான். நம் படி எப்போதும் மட்டமாக இருக்கிறது. மற்றதெல்லாம் மேடு, இல்லாவிட்டால் பள்ளம்.

கல்யாணம் நெருங்கியது. ஏழுமலையும் செல்வியும் தாம்பூலத் தட்டோடு பத்திரிகை வைக்க வந்தார்கள். அக்கா உள்ளேயிருந்து வரவில்லை. வாசலில் நின்று நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். அதைக் கேள்விப்பட்டதும் நானும் என் கணவரும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். சமாதானம் பேசத்தான் போனோம். கல்லைத் தேட அல்ல. ஆனால் கெடார் தாண்டி ஊர் திரும்புகிற இடத்தில், சாலையிலிருந்தே தெரிகிறது ஏரிக்கரையோரம் ஒரு கல் மண்டபம். முன்னால் சின்ன அம்மன் கோயில். எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன். தேடுகிற பைத்தியம் பிடித்தபின் போவது அதுதான் முதல் தடவை.

"கொஞ்சம் நிறுத்துங்க."

கணவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

கோயிலைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். மண்டபத்தின் அடிக்கல்லைச் சுற்றி வந்தேன். தெற்கு மூலையில் ஒரு கல் மட்டும் மஞ்சளும் குங்குமமுமாக இருந்தது. மேலே வாடிய பூ.

"இது இன்னாங்க?"

"சூலக்கல்லும்மா. அம்மனோட சூலம். தானா வந்தது."

பூவை எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுத்தேன். ஓரிடத்தில் கூடுகிற மூன்று கோடு. அதன் நுனியில் ஒரு சதுரம். மஞ்சளுக்கு அடியில் விரலால் தடவினால் இரண்டு எழுத்து. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த அம்மாள் எனக்கு அருள் வருகிறது என்று நினைத்துக் கொஞ்சம் பின்வாங்கினார்.

உண்மையைச் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை. "இது நெலம் அளக்கறவங்க அந்தக் காலத்துல வெட்டின குறிங்க. உயரத்துக்கு அடையாளம்."

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "யார் வெட்டினா இன்னாம்மா? எங்க பாட்டன் காலத்துலேர்ந்து ஒரு எடமா நிக்குதில்ல? பொய் சொன்னவன் இத்தத் தொட மாட்டான் இந்த ஊர்ல."

பொய் சொன்னவன் தொட மாட்டான். அது அக்கா படியும் இல்லை, ஏழுமலை படியும் இல்லை. காரில் ஏறும்போதே எனக்கு யோசனை வந்துவிட்டது.

விழுப்புரத்தில் லேஅவுட் அளக்கிற நிவேதா என்ற பெண்ணை எங்களுக்குத் தெரியும். போனில் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள். "ஆன்ட்டி, அதுக்கு அந்தக் கல்லே தேவையில்ல. எங்கேர்ந்து லெவல் எடுத்தாலும் ரெண்டு வீட்டுக்கும் வித்தியாசம் ஒண்ணுதான் வரும்."

"உனக்குத் தேவையில்ல கண்ணு. அவங்களுக்குத் தேவை."

அக்காவிடம் கேட்டேன். "சூலக்கல்லுலேர்ந்து அளந்தா ஒத்துக்குவியா?"

"அதுல இன்னா இருக்குது... அம்மன் சொன்னா ஒத்துக்கினுதான ஆவணும்."

என் கணவர் எதிர்வீட்டுக்குப் போய்க் கேட்டார். ஏழுமலை, "வேணாம் அண்ணே. அளக்கறதெல்லாம் வேணாம்" என்றாராம். எங்களுக்கும் அப்போது சந்தேகம் வந்தது. மடியில் கனமில்லாதவன் ஏன் பயப்பட வேண்டும்? செல்விதான் உள்ளேயிருந்து வந்து, "வரச் சொல்லுங்க அண்ணே, அளக்கட்டும்" என்று முடித்திருக்கிறாள்.

மறுநாள் காலை நிவேதா வந்தாள். முக்காலியில் லெவல் மெஷினை ஏற்றினாள். அதற்குள் பாதி ஊர் கூடிவிட்டது. அளவுகோலைச் சூலக்கல்லின் மேல் வைக்குமுன் கோயில் அம்மாள் கற்பூரம் காட்டினார். நிவேதா செருப்பைக் கழற்றிவிட்டு லென்ஸில் பார்த்தாள். அங்கிருந்து இடம் மாற்றி இடம் மாற்றித் தெரு வரை வந்தார்கள். கோலைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் என் கணவர். பிரயோசனம் என்ன என்று கேட்டவருக்கு அதுதான் தண்டனை.

தெருவில் வைத்தார்கள். ஏழுமலை வாசலில் வைத்தார்கள். அக்கா வீட்டுப் படியில், பக்கத்துச் சந்தில், பின்கட்டில் வைத்தார்கள். பின்கட்டில் மாமா கட்டிய காம்பவுண்டு சுவர். பின்னால் இருந்த நிலம் மனை போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கண்டவன் உள்ளே வருவான் என்று, போவதற்கு ஒரு மாதம் முன்னால் நின்று கட்டியது. காலையும் மாலையும் அவரே குடத்தில் தண்ணீர் சுமந்து அதை நனைத்தாராம். அந்தச் சுவரின் மூலையில் கோலை வைத்துவிட்டு நிவேதா இரண்டு தடவை பார்த்தாள்.

அப்புறம் அக்காவிடம் வந்து நிதானமாகச் சொன்னாள். "ஆன்ட்டி, எதிர்வீட்டு அங்கிள் வாசல்ல கிராவல் கொட்டியிருக்காங்க, உண்மைதான். ஆனா அதுக்கப்புறமும் அது தெருவவிடத் தாழ்வாத்தான் இருக்கு. அங்க நிக்கிற தண்ணி தெருவுக்கே ஏறாது. உங்க வீட்டுக்கு வர வழியே இல்ல."

"அப்ப என் வீட்டுக்குள்ள வந்தது?"

"தெருத் தண்ணி மொத்தமும் எப்பவுமே உங்க பக்கத்துச் சந்து வழியாத்தான் போயிருக்கும். பின்னால ஓடைக்கு. இந்தத் தெருவுலயே தாழ்வான எடம் உங்க பின்பக்க மூலைதான். இப்ப அங்க..." நிறுத்திவிட்டாள்.

அக்காதான் முடித்தாள். "செவுரு."

மாமா போய் வருடம் திரும்பியிருந்தது; அவ்வளவுதான். அவர் கடைசியாகக் கட்டியது அந்தச் சுவர்.

அப்போது ஏழுமலை தெருவைக் கடந்து வந்தார். அக்கா வீட்டு எல்லைக்குள் அத்தனை மாதம் கழித்துக் கால் வைக்கிறார். "அண்ணி, செவத்துல கை வெக்க வேணாம். அண்ணன் நின்னு கட்டனது. நான் என் பக்கமா தெருவோரம் கால்வா வெட்டி வுட்டுர்றேன். கிராவலயும் வாரிடறேன்."

அக்கா அவரையே பார்த்தாள். "உனக்கு முன்னாடியே தெரியுமா ஏழுமல?"

அவர் தரையைப் பார்த்தார்.

செல்வி தன் வாசலிலிருந்தே சொன்னாள்: "மொத மழ வுட்டதுமே பின்னால போய்ப் பாத்துட்டு வந்துட்டாருக்கா. போய்ச் சொல்லுங்கன்னு நான் எவ்ளோ சண்ட போட்டேன். அதுக்கு அவரு, 'அண்ணன் போயி ஈரம் காயல, அவரு கட்டனதாலதான் வூடு முழுகுச்சின்னு நான் எப்டி அண்ணிகிட்ட போய்ச் சொல்லுவேன்... என்மேலயே பழி இருக்கட்டும்'னுட்டாரு."

அளக்க வேண்டாம் என்று அவர் சொன்னது எதற்கு என்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. என் கணவர் அளவுகோலைக் கையில் பிடித்தபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா பின்கட்டுக்குப் போனாள். நான் கொஞ்சம் பொறுத்துப் போய்ப் பார்த்தேன். சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. கோபித்துக்கொண்ட புருஷனிடம் ஏதோ எடுத்துச் சொல்கிறவளைப் போல உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நான் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அக்கா வெளியே வந்தபோது கையில் கடப்பாரை இருந்தது. ஏழுமலையிடம் நீட்டினாள்.

"எங்க ஒடைக்கணும்னு நீயே பாத்துச் செய். அவரு இருந்தாலும் ஒன்னத்தான் கூப்ட்டிருப்பாரு."

ஏழுமலை கடப்பாரையை வாங்கி ஓரமாக வைத்தார். உளியும் சுத்தியும் கொண்டுவரச் சொன்னார். சுவரின் அடிப்பக்கத்தில், மூலையில், மேலே விரிசல் விடாதபடி ஒவ்வொரு செங்கல்லாகத் தட்டித் தட்டி எடுத்தார். எடுத்த கல்லை வீசவில்லை. பக்கத்தில் அடுக்கி வைத்தார். இரண்டு பெரிய பைப்பைச் சொருகி, சுற்றிலும் சிமெண்ட் பூசினார். சுவர் அப்படியே நிற்கிறது. கீழே மட்டும் ஒரு வழி.

வேலை முடிந்து கை கழுவும்போது செல்வி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா... தட்டு எடுத்துக்கினு வரட்டா?"

"எதுக்குடி? வூட்டு மனுஷங்களுக்கு யாராவது பத்திரிக்க வெப்பாங்களா?" என்றாள் அக்கா. "பொடவ எடுத்தாச்சா இல்லியா, அத்தச் சொல்லு மொதல்ல."

சுகன்யா எப்போது தெருவைக் கடந்தாள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது பெரியம்மா தோளில் முகம் புதைத்திருந்தாள்.

கல்யாணம் நடந்தது. அக்கா முன்வரிசையில் உட்காரவில்லை, உட்கார நேரமில்லை. பந்தியில் சாம்பார் சரியில்லை என்று சமையல்காரரைப் பேஜாராக்கிக்கொண்டிருந்தாள். அவள் பழையபடி ஆகிவிட்டாள் என்பதற்கு அதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

நான் அடிக்கடி யோசிப்பது ஏழுமலையைப் பற்றித்தான். செத்துப்போன அண்ணனின் பெயர் கெடக்கூடாது என்று தன் பெயரைக் கெடுத்துக்கொண்ட மனுஷன். நல்லவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் மௌனத்தால் ஒரு பெண் மாதக்கணக்கில் 'நம்மை அநாதை என்று நினைத்துவிட்டார்களே' என்று வெந்தாளே... சொல்லியிருந்தால் அவள் ஒரு நாள் அழுதிருப்பாள். எது பெரிய காயம்? எனக்கு இன்னும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

மனுஷர்கள் சொல்லத் தயங்குகிற சில உண்மைகளைச் சொல்வதற்கு, யாருடைய வாசற்படியும் அல்லாத ஓர் இடம் தேவைப்படுகிறது. சிலருக்கு அது கோயில். சிலருக்குக் கோர்ட். எங்கள் குடும்பத்துக்கு அது ஓர் அளவுக் குறியாக இருந்தது. வெட்டியவன் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

முந்தாநாள் கெடார் பக்கம் நல்ல மழை. அக்கா போன் செய்தாள். நான் பதறிப்போய், "தண்ணி வந்துச்சா?" என்றேன்.

"வந்துச்சி" என்றாள். "போயிடுச்சி."